பெயர்ப்பலகையில் பாம்பு

காகிதத்தைப் பார்த்ததும் மாரியம்மா நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள். ஒரே ஒரு வளைந்த கோடு. அதே பாம்புத் தடம்.

மலேசியாவின் ஈப்போவில் ஓர் அச்சகத்தின் பின்னறையில் கூட்டம். நடக்க முடியாதவர்களுக்காகத் தொடங்கப்போகும் சங்கத்துக்குப் பெயரும் சின்னமும் வேண்டும். ஆளாளுக்குக் கருணை, அன்பு என்று அடுக்கிக்கொண்டிருக்க, சக்கர நாற்காலியில் இருந்த மகள் புனிதவதிதான் அந்தக் காகிதத்தை மேசையில் தள்ளினாள். சின்ன வயதில் தகரம் கிழித்ததாகச் சொன்ன முழங்கைத் தழும்பு நீளமாகத் தெரிந்தது.

"இதான் சின்னம். பேரு 'தடம்'."

"நல்லாத்தான் இருக்குலா," என்றார் தலைவர் சதாசிவம்.

எழுபத்திரண்டாம் வருஷம், காம்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மாரியம்மா பட்ட பயம் கொஞ்சமா? பால்மரம் வெட்டிவிட்டுத் திரும்பினால், லயத்து வீடுகளுக்குப் பின்னால் மணலில் அந்தத் தடம் கிடக்கும். பலாமரத்தைச் சுற்றிப் பள்ளிக்கூடச் சன்னலுக்குக் கீழே போய் முடியும். மலைப்பாம்பு என்றார்கள். கோழியைக்கூடத் தொடவில்லை, ஆளுக்குத்தான் காத்திருக்கிறது என்று கிளப்பியும் விட்டார்கள்.

மாரியம்மாவுக்கு மகளை நினைத்துத்தான் பயம். கால் விளங்காத பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளவில்லை; வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். பின்பலகை இத்துப்போன வீடு. பாம்பு நுழைய எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு நாள் பழைய பால்வெட்டுக் கத்தியை, முனை மேலே தெரிய, அந்தத் தடத்தில் புதைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் கத்தியில் ரத்தம் இருந்தது. அதற்குப் பிறகு தடம் வரவே இல்லை. தொலைந்தது சனியன் என்று முனியாண்டிக்குச் சேவல் அறுத்தாள்.

அந்தச் சனியனையா இப்போது பலகையில் எழுதி மாட்டுவது? கூட்டம் என்றும் பாராமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. அந்தப் பாம்ப நான்தான் கத்தி வெச்சுக் கொன்னேன். கும்பிட வேண்டியத கொன்னுட்டேன். பழிவாங்க வந்துரும்."

புனிதவதி அம்மாவையே பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள்.

"அது பாம்பு இல்லம்மா. பள்ளிக்கூடத்துக்கு நான் ஊர்ந்து போன தடம்."