மாடி வீட்டு சீரியல்

கடையில் ரிமோட்டைப் பிரித்துக்கொண்டிருந்த டி.வி. மெக்கானிக்கிடம் டீச்சர் பொரிந்து தள்ளினாள்.

"நான் நியூஸ் மட்டும்தான் பார்ப்பேன் தம்பி. என் மாடி வீட்டுக்காரி இருக்காளே, எந்நேரமும் அழுகாச்சி சீரியல்தான். 'ஐயோ விடுங்க'ன்னு ஒருத்தி அலறுவா, தடதடன்னு சாமான் உருளும். அதைப் பார்த்துப் பார்த்து அவளும் பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டா. படியில எதிர்ப்பட்டா தலை நிமிர மாட்டா. மனசைக் கெடுக்குறதே இந்தப் பெட்டிதான்!"

"கொஞ்சம் குறைச்சு வைன்னு சொல்லிப் பார்க்கலாமே டீச்சர்?"

"அவகிட்ட பேசி என்ன பிரயோஜனம்? நேத்து அவ புருஷன்கிட்டயே சொல்லிட்டேன், 'உங்க வீட்டுச் சத்தம் தெருவுக்கே கேக்குது'ன்னு. தங்கமான மனுஷன். கையெடுத்துக் கும்பிட்டு, 'மன்னிச்சுக்கங்க, இனிமே சத்தம் வராது'ன்னார். சொன்ன மாதிரியே இன்னைக்குக் காலையிலேர்ந்து சின்னச் சத்தம்கூட இல்லை."

"யாரு டீச்சர் அவர்?"

"டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்காரே, அவர்தான்."

மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது. அண்ணாந்து அலமாரியின் மேல்தட்டைக் காட்டினான். நடுத்திரையில் எதையோ வீசியடித்தது போல் விரிசல் விட்ட டி.வி. ஒன்று அங்கே தூசி படிந்து கிடந்தது.

"அது அவங்க வீட்டு டி.வி. அவங்ககிட்ட வேற டி.வி. கிடையாது. போன மாசத்துலேர்ந்து இங்கதான் கிடக்கு, டீச்சர்."

ரிமோட்டை விட்டுவிட்டு டீச்சர் ஓடினாள். மாடி ஏறிக் கதவைத் தட்டினாள். ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

உள்ளே சின்னச் சத்தம்கூட இல்லை.