வீட்டுக்குரல்

ரேஷன், கரண்ட், ஆஸ்பத்திரி எல்லாமே சுவரில் இருக்கும் பெட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டால்தான் கிடைக்கும். ஆங்கிலம் தெரியாதவர்கள், வீட்டில் அது தெரிந்த ஒருவரை ‘வீட்டுக்குரல்’ என்று பதிந்துகொள்வார்கள். பதிந்தவர் ஊரை விட்டுப் போகக் கூடாது. மாரிச்செல்வியைப் பதிந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது இருபத்தாறு.

ஓசூரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அவளை விடுவிக்க வேண்டுமானால், பெட்டி கேட்கும் கேள்விக்கு அம்மா முப்பிடாதியே பதில் சொல்ல வேண்டும். மகள் குறுக்கே வாய் திறந்தால் மனு தள்ளுபடி.

“உங்க மகள விடுவிக்கச் சம்மதமான்னு கேக்கும். யெஸ்னு மட்டும் சொல்லும்மா.”

“சொல்லுதேன். எனக்கு மாத்திரை யாரு கேட்டு வாங்குவான்னு நீ யோசிக்காத. நான் எப்படியும் சமாளிச்சுக்கிடுவேன்.”

ஒரு வாரமாக முப்பிடாதி அடுப்படியில் அந்த ஒரு சொல்லையே சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

பெட்டியில் விளக்கு எரிந்தது. அது ஆங்கிலத்தில் கேட்டது: இவரே உங்கள் வீட்டுக்குரலாகத் தொடர வேண்டுமா?

மாரிச்செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அம்மா பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யெஸ்.”

இன்னும் பத்து வருடங்களுக்கா?

“யெஸ்!” இந்த முறை தெருவுக்கே கேட்டது.

விளக்கு அணைந்தது. முப்பிடாதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டி வைத்திருந்த பையைத் தூக்கி மகள் கையில் கொடுத்தாள்.

“ஒண்ணுக்கு ரெண்டு தடவ கேட்டுச்சு. பிசகாம சொல்லிட்டேம்லா? கெளம்புட்டி, பஸ்ஸு போயிரும்.”

பதினேழு வருடமாகப் பெட்டி சொன்னதையெல்லாம் அம்மாவுக்குத் தமிழில் சொன்னவள், பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.