தரணியை ஆளும் கை

"படீர்!"

மேலாளர் அறைக்குள்ளிருந்து வந்த சத்தத்தில், குழாயடியில் எச்சில் தட்டோடு வரிசையில் நின்ற மொத்த அலுவலகமும் திரும்பிப் பார்த்தது.

உள்ளே, புத்தம்புது நாவல் ஒன்று சுவரில் மோதித் தரையில் குப்புறக் கிடந்தது.

சின்ன வயதில் மேலாளருக்கு உயிரே அந்த நாவல்தான். புயலில் சிக்கிய கப்பல், கலகம் செய்யும் மாலுமிகள், எதற்கும் அஞ்சாத கப்பல் தலைவன். கதை முடிவில் அவன் சொல்லும் வரியை இவர் கல்யாண வீட்டிலும் சொன்னார், துக்க வீட்டிலும் சொன்னார். அலுவலகத்தில் சட்டம் போட்டே மாட்டினார்.

'தட்டைக் கழுவும் கையே தரணியை ஆளும்.'

மாட்டிய கையோடு, பாத்திரம் கழுவ வந்துகொண்டிருந்த அம்மாளை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து ஊழியர்கள் கழுவினார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்குத் 'தட்டுச்சாமி' என்று பெயரும் வைத்தார்கள்.

சாமியின் தட்டை மட்டும் உதவியாளர் கழுவினார். பாவம், சாமிக்கு அந்த வரியை ஊரெல்லாம் சொல்லவே நேரம் போதவில்லை.

இன்று சாயங்காலம் அந்த வரியைச் சலவைக்கல்லில் பொறித்துத் திறக்கப்போகிறார்கள். திறப்பவர் தலைமை அலுவலக இயக்குநர். மேலாளரின் பதவி உயர்வு அவருடைய பேனா முனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் அந்த இயக்குநரே போன் செய்தார்.

"நானும் அந்தக் கதைக்குப் பைத்தியம்தாங்க. ஆனா இந்த வரி மட்டும் ஞாபகத்துக்கே வரமாட்டேங்குது. எந்தப் பக்கம்னு பார்த்து வைங்க, மேடையில படிச்சுக் காட்டிடறேன்."

இதென்ன பிரமாதம் என்று மேலாளர் கடைக்கு ஆளனுப்பிப் புத்தகம் வாங்கினார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பக்கத்தை ரசித்து ரசித்துப் படித்தார். பாதிக்குமேல் அந்த வரியைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினார்.

கப்பல் தலைவன் எந்தப் பக்கத்திலும் தட்டைக் கழுவவில்லை. சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்கக்கூட அவனுக்கு ஆள் இருந்தது. கடைசி வரியில் அவன் சூரிய உதயத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டான்.

அப்போதுதான் புத்தகம் சுவருக்குப் பறந்தது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வாசலில் சலவைக்கல் வந்து இறங்கி, பட்டுத்துணி போர்த்திக்கொண்டு ஜம்மென்று நின்றது.

ஒருவேளை வீட்டிலிருந்த பழைய பதிப்பில் இருந்திருக்குமோ? யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது. திரும்பப் படிப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்! அந்தக் கதையை அவர் தன் கண்ணால் படித்ததே கிடையாது. எழுத்துக்கூட்டத் திணறிய தம்பிக்கு, சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியது அக்கா.

உடனே அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, அந்தக் கப்பல் கதையில கடைசியா ஒரு வரி வருமே, தட்டு, தரணின்னு... நம்ம புத்தகத்துல அது இருந்துச்சுதானே?"

மறுமுனையில் சிரிப்புதான் வந்தது. அது அடங்குவதாகவும் இல்லை.

அதற்குள் உதவியாளர் வந்து, மேசையிலிருந்த மேலாளரின் எச்சில் தட்டைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

"அட மக்கு! கப்பல் தலைவனுக்குத் தட்டு கழுவுற கவலை எதுக்குடா? அந்த வாரம் கழுவுற முறை எனக்குல்ல வந்துச்சு!"