நாலு விரல்

அவனுடைய காட்டில் அவள் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவளுடைய மண்தான். நேற்றைய மழையில் மேல்காட்டு மண்ணைத் தாங்கி நின்ற கல்கட்டு சரிந்து, கீழே அவனுடைய பூண்டுப் பாத்திகளை மூடிவிட்டது.

மேல்காட்டு மண் கீழே விழுந்தால், மேல்காட்டுக்காரர்தான் இறங்கி வந்து அள்ள வேண்டும். கல்கட்டையும் அவரே எழுப்பித் தர வேண்டும். மலையைப் படிப்படியாக வெட்டி வெள்ளாமைக் காடாக்கிய நாள் முதல் இங்கே அதுதான் வழக்கம்.

விடிந்ததும் நாச்சம்மா வந்துவிட்டாள். கையில் கூடை. தோளில் ஒரு துணிப்பை.

பையில் விதைப்பூண்டு. அடுத்த நடவுக்காக அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்தது.

"எங்க மண்ணு உங்க வெள்ளாமையக் கெடுத்திருச்சுண்ணே. இத வச்சு நட்டுக்கங்க."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கல்கட்டைச் சரித்தது மழை அல்ல.

நடவுக்கு நடவு நாலு விரல். அடிக்கல்லைப் பெயர்த்து நாலு விரல் அவள் காட்டுக்குள் தள்ளி வைப்பான். மேலே கல் தொப்பை தள்ளி நின்றது. மேல்காட்டில் நின்று பார்க்கிறவளுக்கு அது தெரியாது.

ஐந்து நடவில் அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரிசைப் பூண்டு. அரை மூட்டைகூடத் தேறாது.

அதற்குத்தான் இத்தனை திருட்டு.

அவள் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தவாட்டி ஒரு முழம் எங்க பக்கமாத் தள்ளியே கட்டிக்கிறேண்ணே. இனிமே உங்க காட்டுல விழாது."



அவன் குனிந்தான். மண்ணுக்குள் கைவிட்டு, கட்டோரம் இருந்த பூண்டைப் பிடுங்கினான். ஒன்று. இரண்டு. வரிசை முழுவதும்.

பிடுங்கிய தடத்தில் அடிக்கல்லைக் கொண்டுவந்து வைத்தான்.

"அண்ணே, அது உங்க காடு."

"இல்லம்மா. கட்டு இங்கதான் இருந்துச்சு."

அவள் கல்லைப் பார்த்தாள். பிடுங்கிக் கிடந்த பூண்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அவள் விதைப்பூண்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மேல்காட்டுக்கு ஏறிப் போனாள்.

போகும்போது, மண் அள்ளும் கூடையை மட்டும் அவன் பக்கமாக நகர்த்தி வைத்திருந்தாள்.