சம்பந்தியம்மாவுக்குத் தலைவலி

"ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லு. எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா இருமிடு," என்றாள் அம்மா, சோபா உறையை நான்காவது முறையாக நீவியபடி.

"எத்தனை தடவைம்மா இருமுறது? எனக்கே ஏதோ வியாதின்னு நெனச்சிடப் போறாங்க."

"நெனச்சா நெனச்சுக்கட்டும். ஜெயில்ங்கிற வார்த்தை மட்டும் உன் வாயில வரக் கூடாது."

அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. மகளுக்குப் பெண்கள் சிறையில் நர்ஸ் வேலை. அதைக் கேட்டதுமே இரண்டு வரன்கள் காபி ஆறுவதற்குள் கம்பி நீட்டியிருந்தன. இந்த மூன்றாவது பையன் மகளே பார்த்துப் பிடித்தவன். அவனை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. அவனே எச்சரித்திருந்தான்: "எங்கம்மாகிட்ட இப்போ சொல்லிடாத. டீவியில ஜெயில் வந்தாக்கூட எழுந்து உள்ள போயிடுவாங்க. கல்யாணம் முடியட்டும், நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

ஆம்பளைகள் பக்குவமாகச் சொல்லும் லட்சணம் தெரியாதா என்ன! அதனால்தான் இந்த இருமல் ஒத்திகை.

பையனின் அம்மா தனியாக வந்தாள். கசங்காத சேலை, நிமிர்ந்த முதுகு, வீட்டை ஒரே பார்வையில் அளந்துவிடும் கண்கள்.

"எங்கம்மா வேலை பாக்கறே?"

மகள் இருமினாள்.

"பெரிய இடமோ?"

"ஆயிரத்து இருநூறு பேர் இருக்காங்க ஆன்ட்டி."

"அம்மாடி! அத்தனை பேருமா நோயாளிங்க?"

"நோயாளின்னு சொல்லிக்கிட்டு வருவாங்க. தினம் காலையில நாப்பது பேருக்கு வயித்துவலி. வேலைக்குப் போகச் சொன்னா வலிக்கும், சாப்பாட்டு மணி அடிச்சா பறந்துடும்."

அம்மா மேசைக்கு அடியில் மகளின் காலை மிதித்தாள்.

"அது உள்ளதுதான்," என்றாள் பையனின் அம்மா, சிரிக்காமல். "பாதுகாப்பெல்லாம் எப்படி?"

"அதுக்குக் குறைச்சலே இல்ல, சம்பந்தியம்மா!" என்று அம்மா நடுவில் புகுந்தாள். நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் சம்பந்தி! "இருபதடி மதில். வாசல்ல துப்பாக்கியோட ஆளு."

இம்முறை மகள் மிதித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கா துப்பாக்கி?"

அம்மாவும் மகளும் சேர்ந்தே இருமினார்கள்.

பையனின் அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "வெயில்ல வந்தது, தலை வெடிக்குது."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பியது. "போடி, மாத்திரை கொண்டா! கைராசிக்காரிங்க எம் பொண்ணு."

மகள் மாத்திரையை அந்தம்மாளின் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரை நீட்டினாள். அந்தம்மாள் ஒரே மடக்கில் விழுங்கினாள். அதோடு நின்றிருந்தால் எல்லாம் சுபம்.

"ஆ... வாயத் திற. நாக்கத் தூக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் மகளுக்குத் தான் நிற்பது வீட்டுக் கூடம் என்பது உறைத்தது. ஆறு வருடப் பழக்கம். சிறையில் மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய், சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கைமாற்றி விடுவார்கள். அதனால் விழுங்கிய கையோடு ஒவ்வொருத்தியின் வாயையும் பார்த்தாக வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லிச் சொல்லி, நாக்கு தானாகவே உருட்டிவிட்டது.

வருங்கால மாமியாரை 'வாயத் திற' என்று ஒருமையில் வேறு! அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள். மூன்றாவதும் போச்சு.

அம்மா மெல்ல ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

பையனின் அம்மா விறைப்பாக எழுந்து நின்றிருந்தாள். வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி, யாரும் சொல்லாமலே இரண்டு கன்னங்களையும் விரலால் இழுத்துக் காட்டி, வெறும் உள்ளங்கைகளை முன்னால் விரித்து நீட்டினாள்.

"நூத்தி நாப்பத்தேழு, மூணாவது பிளாக், சிஸ்டர்."