மூன்றாவது கேக்

ஸிண்ட்ரேயின் அம்மா ஆய்வுக்கூடத்தில் நாங்கள் பெயர் எழுதும் பலகையின் முன்னால் நின்றிருந்தார். பூட்ஸை வாசல் அலமாரியில் கழற்றி வைத்துவிட்டு, எங்களைப் போலவே கம்பளிக் காலுறையோடு.

கையில் ஒரு தகர டப்பா. தங்கள் ஊரான பூடோவிலிருந்து விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

"மார்கித் நீதானேம்மா? அவன் சுட்ட கேக்கைப் பனிக்கரடிகூடத் தொடாதுன்னு சொன்னியாமே. போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். எனக்கு மானமே போச்சு. அதான் நல்லதா ஒண்ணு சுட்டுக் கொண்டாந்தேன்."

சிரிக்க முயன்றேன்.

வெளியே போகிறவர்கள் பலகையில் பெயர் எழுதிவிட்டுத்தான் போவோம். வந்ததும் அவரவர் பெயரை அவரவரே அழிக்க வேண்டும். மாலை ஆய்வுக்கூடத்தைப் பூட்டும்போது ஒரு பெயர் மிச்சமிருந்தாலும் தேடக் கிளம்பிவிடுவார்கள். வந்தும் அழிக்க மறந்தவன் வகுப்புக்கே கேக் சுட வேண்டும்.

ஸிண்ட்ரே இரண்டு முறை மறந்தான். இரண்டு முறையும் கேக் கருகியது.

போன மாதம் பள்ளத்தாக்கு முனைக்குப் போனான். பனிக்கடியில் கிடக்கும் குட்டை வில்லோச் செடிகளின் வேரில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று வாராவாரம் அளப்பது அவன் வேலை. ஊரை ஒட்டிய இடம், தனியாகவே போகலாம். திடீரென்று பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில்தான் கண்டெடுத்தார்கள்.

கால்தான் உடைந்திருந்தது. வெகுநேரம் உயிரோடு இருந்திருப்பான் என்றார் டாக்டர்.

அம்மா பலகையை விரலால் தடவினார்.

"வந்து பேரை அழிச்சிட்டு, திரும்ப எதுக்குடா போன? ரெண்டு தடவ மறந்த பய, அன்னிக்குப் பாத்தா ஞாபகமா அழிக்கணும்?"

எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். காவல்துறை அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது.

அவனுடைய சாமான்களை மூட்டை கட்ட நான்தான் உதவினேன். கடைசியாக வாசல் அலமாரிக்கு வந்தோம். அம்மா சிவப்புக் கயிறு கட்டிய பூட்ஸை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது இங்க இருக்கே. அப்ப எதைப் போட்டுட்டுப் போனான்?"

"பெருசா ஒரு ஜோடி கடன் வாங்கிட்டுப் போனான். உள்ள ரெண்டு காலுறை போடணும்னு" என்றேன்.

அது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

அன்று மாலை கடல்பனியில் மாதிரி எடுத்துவிட்டு நான் திரும்பியபோது, இந்தச் சிவப்புக் கயிறுதான் முதலில் கண்ணில் பட்டது. வந்துவிட்டான் என்று நினைத்தேன். பலகையில் அவன் பெயர் அப்படியே இருந்தது. மறுபடியும் மறந்துவிட்டான், மூன்றாவது கேக்கும் கருக வேண்டாம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டே, என் பெயரோடு சேர்த்து அவன் பெயரையும் அழித்தேன்.

அம்மா டப்பாவைத் திறந்து பெரிய துண்டாக வெட்டி என் கையில் வைத்தார்.

"சாப்பிடும்மா. எப்படி இருக்கு?"

வாய் நிறைய அடைத்துக்கொண்டேன்.

நன்றாக இருக்கிறது என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.