பொட்டு வைத்த கண்ணாடி

பெரிய கம்பெனி ஒன்றின் பெயரில் ஃபிரான்சைஸ் எடுத்துச் சோப்புப் பட்டறை நடத்தும் தமயந்தி, காலையிலிருந்து ஒவ்வொரு ஃபைலாக எடுத்துக் கொடுத்தே களைத்துப்போயிருந்தாள். தொழிற்சாலை ஆய்வாளர் விபத்துப் பதிவேட்டைப் புரட்டினார். மாதாமாதம் ‘இல்லை’ என்றே எழுதியிருந்தது.

“மூணு வருஷமா ஒண்ணுமே நடக்கலையாம்மா?”

“இல்ல சார்.”

தெறித்துப் பட்ட இடம் வெந்துபோகும் காஸ்டிக் சோடாவைக் கரைக்கும் தொட்டிக்கு மேலே, சுவரில் பாதுகாப்புக் கண்ணாடி தொங்கியது. அதன் இரண்டு வில்லைகளிலும் சந்தனமும் குங்குமமும். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் வைத்த பொட்டு, ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து தடித்திருந்தது.

“இத யாரு போடறது?”

“நான்தான் சார்” என்றாள் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்த அஞ்சுகம், தமயந்தி சொல்லிவைத்திருந்தபடியே.

“எங்க, போட்டுக் காட்டுங்க.”

அவள் கண்ணாடியை எடுத்து, முந்தானை நுனியால் வலப்பக்க வில்லையை மட்டும் அழுத்தித் துடைத்தாள். மாட்டிக்கொண்டு மறுபடியும் கிளறப் போனாள்.

“இன்னொரு பக்கம் அப்படியே இருக்கேம்மா. அதையும் துடைங்க.”

தமயந்தி தரையைப் பார்த்தாள்.

“அந்தக் கண்ணு தெரியாது சார்” என்றாள் அஞ்சுகம், கிளறுவதை நிறுத்தாமல். “பொட்டு இருந்துட்டுப் போகட்டும்.”